பிள்ளைகளை ஒரு நாள் ஆலைக்கு அழைத்துவருவது: எதைக் காட்டலாம், எதைத் தவிர்க்கலாம்

கோவையில் பம்பு தயாரிக்கும் நடுத்தர ஆலை ஒன்றின் மனிதவளப் பிரிவில் பணியாற்றும் நண்பர் கேட்டிருப்பது இது: "தொழிலாளர்களின் பிள்ளைகளை ஒரு நாள் ஆலைக்கு அழைத்துவர நிர்வாகம் விரும்புகிறது. வெளிநாடுகளில் இது வழக்கம் என்கிறார்கள். மேஜிக் ஷோ, ஓவியப் போட்டி, மதிய விருந்து என்று திட்டமிட்டிருக்கிறோம். பிள்ளைகளுக்கு இதனால் உண்மையில் பயன் உண்டா? சட்டச் சிக்கல் ஏதேனும் வருமா? வந்தவர்களுக்குச் சான்றிதழ் கொடுக்கலாமா?"

பயன் உண்டு. ஆனால் அது நீங்கள் வகுத்திருக்கும் நிகழ்ச்சி நிரலில் இல்லை. மேஜிக் ஷோவைப் பிள்ளைகள் எங்கு வேண்டுமானாலும் பார்த்துக்கொள்வார்கள். தன் அப்பா அல்லது அம்மா காலை முதல் மாலை வரை என்ன செய்கிறார் என்பதை உங்கள் ஆலையில் மட்டுமே பார்க்க முடியும். சட்டச் சிக்கலும் உண்டு. முன்கூட்டியே எண்ணிப் பார்த்தால் அதைத் தவிர்த்துவிடலாம். ஆலைப் பாதுகாப்பு அலுவலராக இருந்தவன் என்ற முறையில் அதைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

இந்த வழக்கம் எதற்காகத் தொடங்கியது என்பதை முதலில் தெரிந்துகொள்வது நல்லது. நோக்கத்தை விட்டுவிட்டு வடிவத்தை மட்டும் எடுத்துக்கொண்டதால்தான் பல நிறுவனங்களில் இது கேளிக்கை நாளாகச் சுருங்கிவிட்டது. அமெரிக்காவில் 'மிஸ். ஃபவுண்டேஷன் ஃபார் உமன்' என்ற பெண்கள் அமைப்பு 1993-ஆம் ஆண்டு ஏப்ரலில் மகள்களை வேலையிடத்திற்கு அழைத்துச் செல்லும் நாளாக இதைத் தொடங்கியது. அவ்வமைப்பை நிறுவியவர்களுள் ஒருவர் குளோரியா ஸ்டைனம். சிறு வயதில் துணிவாகப் பேசும் பெண் பிள்ளைகள் பதின்பருவத்தை எட்டியதும் தம் அறிவின் மீதே ஐயம் கொண்டு பின்வாங்குகிறார்கள் என்ற கவலை அப்போது அங்கே பரவலாகப் பேசப்பட்டது. உளவியல் அறிஞர் கேரல் கில்லிகன் போன்றோரின் ஆய்வுகள் அந்தக் கவலைக்கு வலுச் சேர்த்திருந்தன. தோற்றத்தைக் கொண்டே பிறர் தன்னை எடைபோடத் தொடங்கும் வயதில் இருக்கும் ஒரு சிறுமி, பெண்கள் அலுவலகத்திலும் ஆய்வகத்திலும் தொழிற்கூடத்திலும் முடிவெடுக்கும் நிலையில் இருப்பதைக் கண்ணால் காண வேண்டும் என்பதே திட்டத்தின் உயிர்நாடி. மகன்களை ஏன் விட்டுவிட்டீர்கள் என்ற கேள்வி தொடக்கம் முதலே எழுந்துகொண்டிருந்தது; 2003 முதல் அவர்களும் சேர்க்கப்பட்டார்கள். இப்போது ஏப்ரல் மாதத்தின் நான்காவது வியாழக்கிழமை அந்த நாளாக இருந்துவருகிறது. வியாழக்கிழமை என்பதைக் கவனிக்க வேண்டும். பள்ளிக்கு வராமல் போகிறார்கள் என்று பள்ளி நிர்வாகிகள் சிலர் குறைப்பட்டுக்கொண்டபோதும் வேலை நாள் என்ற ஏற்பாடு கைவிடப்படவில்லை. வேலை நடக்காத நாளில் வேலையைக் காட்ட முடியாது அல்லவா!

கனடாவில் 1994 முதல் இது பள்ளிகளின் வழியாகவே நடக்கிறது. ஒன்பதாம் வகுப்பு மாணவர்கள் நவம்பர் முதல் புதன்கிழமையன்று பெற்றோருடனோ உறவினருடனோ பெற்றோருக்குத் தெரிந்த ஒருவருடனோ வேலையிடத்திற்குப் போகிறார்கள். ஜெர்மனியில் 2001-இல் தொடங்கிய 'கேர்ல்ஸ் டே' இன்னும் ஒரு படி மேலே சென்றது. பெண்கள் 40 விழுக்காட்டிற்கும் குறைவாக இருக்கும் தொழில்களுக்குத்தான் மாணவியரை அனுப்புவார்கள். தாயோ தந்தையோ அங்கே வேலை பார்க்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஆண்கள் குறைவாக இருக்கும் செவிலியர் பணி, மழலையர் பராமரிப்பு போன்றவற்றைச் சிறுவர்களுக்குக் காட்டும் 'பாய்ஸ் டே' 2011-இல் அதனுடன் சேர்ந்தது. இம்மூன்றில் எனக்குப் பிடித்தது ஜெர்மானிய ஏற்பாடுதான். அப்பா என்ன வேலை பார்க்கிறாரோ அந்த அளவுக்குத்தான் பிள்ளையின் உலகம் என்ற வேலியை அது உடைக்கிறது. இதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

நம் ஊரில் இந்த வழக்கம் புதிது என்று சொல்வது முழு உண்மை அன்று. ஆயுத பூசைக்குப் பிள்ளைகளைப் பட்டறைக்கும் ஆலைக்கும் பணிமனைக்கும் அழைத்துச் செல்வது நமக்குத் தலைமுறைப் பழக்கம். லேத்துக்குச் சந்தனமும் குங்குமமும் இட்டு, வாழைக்கன்று கட்டி, பூசணிக்காய் உடைத்து, பொரி கடலை வாங்கிக்கொண்டு வீடு திரும்பிய பிள்ளைகள் கோவையில் எத்தனையோ ஆயிரம் பேர் இருப்பார்கள். ஆனால் அன்று இயந்திரங்கள் ஓய்வில் இருக்கும். கருவிகள் பூசையில் இருக்கும். அப்பாவின் இயந்திரத்தைப் பார்த்திருப்பார்கள், அது ஓடும்போது அப்பா என்ன செய்கிறார் என்பதைப் பார்த்திருக்க மாட்டார்கள். நீங்கள் நடத்தப்போகும் நாள் அந்தக் குறையைப் போக்குவதாக இருக்க வேண்டும். ஆகவே வார விடுமுறை நாளை எடுத்துக்கொள்ளாதீர்கள். குழந்தைகள் நாளான நவம்பர் 14-ஐப் பலரும் தேர்ந்தெடுக்கிறார்கள். அது பள்ளி நாள், பாடம் தவறிப்போகும் என்று பெற்றோர் தயங்குவார்கள். காலாண்டுத் தேர்வு விடுமுறையில் வரும் ஒரு வேலை நாள் இரு தரப்பிற்கும் ஒத்துவரும்.

எதைக் காட்டுவது? ஆலை முழுவதையும் சுற்றிக் காட்ட ஆசைப்படாதீர்கள். இரண்டு மணி நேரம் நடந்தால் பெரியவர்களுக்கே எல்லாம் ஒன்றுபோலத் தோன்றும். ஒரே ஒரு பொருளைப் பின்தொடரச் செய்யுங்கள். உங்களுடையது நீர்மூழ்கி பம்பு என்றால், வெறும் வார்ப்பாக வந்த ஒரு பாகம் கடைசலுக்குப் போய், துளையிடப்பட்டு, அளவு பார்க்கப்பட்டு, மோட்டாருடன் பூட்டப்பட்டு, சோதனைத் தொட்டியில் இறங்கி, தண்ணீரை மேலே தள்ளுவது வரை உள்ள வழியில் ஐந்து அல்லது ஆறு நிறுத்தங்களை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு நிறுத்தத்திலும் அங்கே வேலை செய்பவரே பேசட்டும். மேலாளர் பேசினால் அது விளக்கவுரையாகிவிடும்.

ஒவ்வொரு நிறுத்தத்திலும் பிள்ளையின் கைக்கு ஒரு சிறு வேலை வேண்டும். நான் பார்த்தவற்றுள் மிக நன்றாக எடுபட்டது, நுண்ணிய தடிமனை அளக்கும் கருவியான மைக்ரோமீட்டர். தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் இருந்த ஒருவர், வந்த பிள்ளைகளிடம் அவரவர் தலைமுடி ஒன்றைக் கேட்டு வாங்கி, மைக்ரோமீட்டரின் இரு முகங்களுக்கும் இடையே வைத்து, அதன் முனையில் உள்ள ராட்செட் என்ற திருகியை அவர்களையே திருகச் சொன்னார். 'டிக் டிக்' என்ற ஒலி வந்ததும் நிறுத்த வேண்டும்; அதற்கு மேல் இறுக்கினால் அளவு பொய்யாகிவிடும். ஒரு பிள்ளைக்கு 0.07 மில்லிமீட்டர் வந்தது, பக்கத்திலிருந்த பிள்ளைக்கு 0.09. உடனே யாருடைய முடி தடிமன் என்ற போட்டி தொடங்கிவிட்டது. அந்தச் சத்தம் அடங்கும் வரை காத்திருந்துவிட்டு அவர் ஒரு தண்டை எடுத்துக் காட்டி, "உங்க முடியில பாதி அளவு இது பெருத்துப் போச்சுன்னாகூட பேரிங்குல ஏறாது, திருப்பி அனுப்பிடுவேன்" என்றார். ஒரு சிறுமி கேட்டாள்: "திருப்பி அனுப்புனா அதைச் செஞ்சவங்க திட்ட மாட்டாங்களா?" அவர் சிரித்துக்கொண்டே, "திட்டுவாங்க. திட்டினாலும் அனுப்பணும், அதுக்குத்தான் எனக்குச் சம்பளம்" என்றார். அளவு, துல்லியம், பொறுப்பு ஆகிய மூன்றையும் அரை மணி நேரச் சொற்பொழிவு இதைவிடத் தெளிவாகச் சொல்லியிருக்காது.

வைண்டிங் பிரிவும் அத்தகைய இடம்தான். கோவைப் பகுதி ஆலைகள் பலவற்றில் அங்கே பெண்களே மிகுதி. செப்புக் கம்பியை, மோட்டாரின் சுழலாத பகுதியான ஸ்டேட்டரின் பள்ளங்களுக்குள் சுற்று எண்ணிக்கை பிசகாமல், மேலுறை உரசிப்போகாமல் செலுத்துவது கையின் பழக்கத்தால் வரும் திறமை. கணக்கு ஒன்று தவறினாலும் மோட்டார் சூடேறும். பழைய ஸ்டேட்டர் ஒன்றை ஒதுக்கி வைத்து, மின் இணைப்பு எதுவும் இல்லாமல், நான்கு சுற்றுகளைப் பிள்ளைகளே சுற்றிப் பார்க்கட்டும். "அம்மா கம்பெனிக்குப் போறாங்க" என்று மட்டும் தெரிந்துவைத்திருந்த மகன், அம்மாவின் விரல்கள் செய்யும் வேலையைத் தன் விரல்களால் செய்ய முடியவில்லை என்பதை அங்கேதான் உணர்வான்.

இப்படிச் சொல்வதால் எல்லாவற்றையும் தொட்டுப் பார்க்க விடலாம் என்று பொருள் கொள்ள வேண்டாம். 2000-ஆம் ஆண்டு நவம்பரில், கனடாவின் ஒன்டாரியோ மாநிலத்தில் உள்ள வெலண்ட் நகரில், பண்ணை இயந்திரங்கள் தயாரிக்கும் ஆலை ஒன்றுக்கு இதே நாளை முன்னிட்டு வந்திருந்த ஒன்பதாம் வகுப்பு மாணவர்கள் இருவர், ஆலை வளாகத்தில் பயன்படும் சிறு வண்டி ஒன்றில் சென்றபோது அது டிரெய்லரில் மோதி உயிரிழந்தார்கள். உலைக்களமோ பிரஸ்ஸோ அவர்களைக் கொல்லவில்லை. யாரும் ஆபத்தானதாக நினைக்காத ஒரு வண்டி கொன்றது. ஆலைகளில் பழகியவர்களுக்கு இதில் வியப்பிருக்காது. அபாயப் பலகை மாட்டிய இடத்தில் எல்லோரும் எச்சரிக்கையாக இருப்பார்கள். பலகை இல்லாத இடத்தில்தான் கவனம் தளரும்.

உங்கள் ஆலையில் நான் முதலில் கவலைப்படுவது ஃபோர்க்லிஃப்டைப் பற்றித்தான். சரக்கை முன்னால் ஏந்திவரும் வண்டியின் ஓட்டுநருக்கு எதிரில் நிற்கும் பெரியவரின் தலையாவது தெரியும். நான்கடி உயரமுள்ள பிள்ளை முற்றிலும் மறைந்துபோவான். பிள்ளைகள் ஷாப் ஃப்ளோரில், அதாவது இயந்திரங்கள் ஓடும் கூடத்தில், இருக்கும் நேரம் முழுவதும் ஃபோர்க்லிஃப்டுகளின் சாவிகள் சூப்பர்வைசரின் கையில் இருக்கட்டும். இரண்டாவது, உடை. துப்பட்டா, தொங்கும் பின்னல், தளர்ந்த வளையல், கழுத்துச் சங்கிலி, ரப்பர் செருப்பு ஆகிய எதற்கும் சுழலும் இயந்திரத்தின் அருகே இடமில்லை. மூடிய ஷூ இல்லாத பிள்ளைகள் நிச்சயமாக வருவார்கள். பள்ளிச் சீருடை ஷூவை அணிந்து வரலாம் என்று அழைப்பிதழிலேயே எழுதிவிட்டால் யாருக்கும் சங்கடம் இராது. மூன்றாவது, தலைக்கவசமும் கண்ணாடியும். பெரியவர்களுக்கான தலைக்கவசம் சிறுவர் தலையில் நிற்காது, குனிந்தால் விழும். கண்ணாடி மூக்கிலிருந்து வழுக்கும். அணிந்திருக்கிறார்கள் என்ற பொய்யான ஆறுதலை மட்டுமே அது தரும். அளவுக்கு ஏற்ற கவசம் கிடைக்காத பகுதிக்குப் பிள்ளைகளை அழைத்துச் செல்லவே கூடாது என்பது என் விதி. பவுண்டரி, வெல்டிங், பெயின்ட் பூத், பிரஸ் ஷாப் ஆகியவை அதனால் தாமாகவே விலகிவிடும். வெல்டிங் தீப்பொறியைப் பார்க்க வேண்டும் என்று அடம்பிடிப்பார்கள். படம்பிடித்துத் திரையில் காட்டுங்கள்.

இனி சட்டம். 1986-ஆம் ஆண்டின் குழந்தைத் தொழிலாளர் தடைச் சட்டம் 2016-இல் திருத்தப்பட்ட பிறகு, 14 வயது நிறையாதவரை எந்தத் தொழிலிலும் வேலைக்கு வைக்கக் கூடாது. 14 முதல் 18 வயது வரை உள்ளவரை அபாயகரமான தொழில்களில் வைக்கக் கூடாது. பார்க்க வருவது வேலை செய்வதாகாதே என்பீர்கள். இங்கேதான் பலரும் அறியாத ஒரு முடிச்சு இருக்கிறது. நம் ஆலைகளைப் பல்லாண்டுகள் ஆண்டுவந்த 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், தன் 103-ஆம் பிரிவில், உணவு அல்லது ஓய்வு இடைவேளை அல்லாத நேரத்தில், வேலை நடந்துகொண்டிருக்கும்போதோ இயந்திரம் ஓடிக்கொண்டிருக்கும்போதோ ஆலைக்குள் காணப்படுபவர் எவரும், மாறாக நிரூபிக்கப்படும் வரை, அங்கே பணியமர்த்தப்பட்டவராகவே கருதப்படுவார் என்று கூறியது. சிறுவர்களை வேலைக்கு வைத்துவிட்டு, ஆய்வாளர் வந்ததும் "சும்மா அப்பாவுக்குச் சாப்பாடு கொண்டுவந்தான்" என்று சொல்லித் தப்பிப்பதைத் தடுப்பதற்கு இத்தகைய விதி தேவைப்பட்டது. தனித்தனியாக இருந்த தொழிலாளர் சட்டங்கள் பல ஒன்றிணைக்கப்பட்டு, தொகுப்புச் சட்டங்களாக மாறிவரும் காலம் இது என்பதால், பிரிவு எண்களைப் பற்றிக்கொண்டு வாதாடுவதைவிட முன்கூட்டியே எழுத்தில் தெரிவிப்பதே அறிவுடைமை. நாள், நேரம், வரும் பிள்ளைகளின் பெயர், வயது, நடக்கும் வழி, உடன் வரும் பொறுப்பாளர்கள் ஆகியவற்றைக் குறித்து, உங்கள் பகுதித் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்கக அலுவலகத்திற்கு ஒரு கடிதம் கொடுத்து, நடப்பு விதிகளைக் கேட்டுக்கொண்டு, பெற்றுக்கொண்டதற்கான முத்திரையையும் வாங்கிவையுங்கள். காப்பீட்டு நிறுவனத்தையும் கேளுங்கள். தொழிலாளர்களுக்கான வேலையிட விபத்துக் காப்பீடு அவர்கள் பிள்ளைகளுக்குப் பொருந்தாது. ஜெர்மனியில் மாணவியருக்கான காப்பீட்டை ஏற்பாட்டாளர்களே பார்த்துக்கொள்கிறார்கள். இங்கே ஒரு நாளைக்கான பாலிசியை நீங்கள்தான் எடுக்க வேண்டியிருக்கும்.

சில இடங்களில் பேச்சுக்கே இடமில்லை. 1952-ஆம் ஆண்டின் சுரங்கச் சட்டம், சுரங்கப் பணி நடக்கும் நிலப்பரப்பில்கூட 18 வயது நிறையாதவர் இருப்பதைத் தடுத்தது. ஆகவே நெய்வேலியில் ஒருவர் எவ்வளவு ஆசைப்பட்டாலும் மகளைச் சுரங்கத்தின் விளிம்புக்கு அழைத்துச் சென்று தன் இயந்திரத்தைக் காட்ட முடியாது. வெடிபொருள் சார்ந்த ஆலைகளைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

வயதைப் பொறுத்தவரை, எட்டு வயதுக்குக் குறைந்தவர்களை ஷாப் ஃப்ளோருக்கு அனுமதிக்காதீர்கள். அமெரிக்காவிலும் எட்டு முதல் பதினெட்டு வயது வரை என்றே வைத்திருக்கிறார்கள். சிறியவர்களைத் தனியே விட்டுவர முடியாத பெற்றோருக்காகக் கேன்டீனில் ஒரு பகுதியை ஒதுக்கினால் போதும். இங்கே வேறொன்றையும் சொல்ல வேண்டியிருக்கிறது. காட்டுவதற்காகப் பிள்ளையை அழைத்துவருவது ஒன்று. விட்டுவர இடமில்லாமல் அழைத்துவருவது வேறு. கட்டட வேலை நடக்கும் இடத்தில் மரக்கிளையில் தூளி கட்டிவிட்டுச் சித்தாள் வேலைக்குப் போகும் தாய்மார்களின் நிலை இரண்டாவது வகை. ஐம்பதுக்கும் மேற்பட்ட பெண்கள் வேலை செய்யும் கட்டுமானத் தளத்தில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்று 1996-ஆம் ஆண்டின் கட்டடத் தொழிலாளர் சட்டம் சொன்னது. ஐம்பது அல்லது அதற்கு மேற்பட்டோர் பணியாற்றும் நிறுவனங்களில் காப்பக வசதி வேண்டும் என்று 2017-இல் திருத்தப்பட்ட மகப்பேறு நலச் சட்டம் சொன்னது. உங்கள் ஆலையில் அந்த வசதி இல்லாமல், ஆண்டுக்கு ஒரு நாள் பிள்ளைகளுக்குப் பலூன் கட்டினால், வைண்டிங் பிரிவுப் பெண்கள் தமக்குள் என்ன பேசிக்கொள்வார்கள் என்பதை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

பெற்றோரைத் தயார்ப்படுத்துவது பலரும் மறந்துவிடும் வேலை. இருபது ஆண்டுகளாக ஒரு இயந்திரத்தை ஓட்டுபவருக்கும், "அப்பா, நீ என்ன செய்யறே?" என்ற கேள்விக்குச் சொல் வராது, "இதோ இப்படி ஓட்டுறதுதான்" என்பார். முந்தைய வாரமே ஒரு தாளில் மூன்று கேள்விகளைக் கொடுத்து யோசித்துவரச் சொல்லுங்கள்: உங்கள் வேலையில் கடினமானது எது, தவறு நேர்ந்தால் என்ன ஆகும், இதை யாரிடம் கற்றீர்கள். சம்பளம் எவ்வளவு என்று பிள்ளைகள் கண்டிப்பாகக் கேட்பார்கள், அதுவும் பத்துப் பேர் முன்னிலையில். வீட்டில் போய்ச் சொல்கிறேன் என்பதே அதற்குப் போதுமான விடை. சூப்பர்வைசர்களுக்கு ஒரே ஒரு அறிவுரை: அன்றைய தினம் யாரையும் சத்தம் போட்டுத் திட்ட வேண்டாம். மற்ற நாட்களிலும் வேண்டாம் என்பது வேறு விஷயம். தன் பிள்ளையின் முன்னால் வாங்கிய வசவை எவரும் எளிதில் மறப்பதில்லை.

அலுவலகத்தில் இருப்பவர்களின் பிள்ளைகளுக்குத்தான் சிக்கல். கணினி முன் அமர்ந்திருக்கும் அப்பாவைப் பார்ப்பதில் என்ன இருக்கிறது? கணக்குப் பிரிவில் பத்துப் பட்டியல்களைக் கொடுத்து, அவற்றுள் ஒன்றில் வேண்டுமென்றே வரித் தொகையைத் தவறாகப் போட்டுவைத்து, கண்டுபிடிக்கச் சொல்லலாம். மென்பொருள் பகுதியில், வயது கேட்கும் படிவம் ஒன்றைத் திறந்துவைத்து, "இதைத் தடுமாற வை, பார்க்கலாம்" என்றால் போதும். கழித்தல் ஐந்து என்றும், ஆயிரம் என்றும், தன் பெயரையும் மாற்றி மாற்றி இட்டு அரை மணி நேரம் நகரமாட்டார்கள். சோதனையாளரின் வேலை என்ன என்பதை அதற்குப் பிறகு விளக்க வேண்டியதில்லை.

யாருடைய பிள்ளைகள் வரலாம் என்பதை நிர்வாகம் என்ன முடிவு செய்திருக்கிறது என்று உங்கள் கடிதத்தில் இல்லை. நிரந்தரத் தொழிலாளர்களின் பிள்ளைகள் மட்டும் என்றால், வாசலில் அன்று வரும் ஒவ்வொரு பிள்ளைக்கும் சல்யூட் அடிக்கப்போகும் செக்யூரிட்டியின் மகளும், அவர்கள் சாப்பிட்ட தட்டைக் கழுவப்போகும் ஒப்பந்தப் பணியாளரின் மகனும் வீட்டில் இருப்பார்கள். இதை நான் கடுமையாகவே சொல்கிறேன்: அவர்களை அழைக்க முடியாது என்றால் நிகழ்ச்சியை நடத்தாமல் இருப்பதே மேல். வந்தவர்களையும் பொது மேலாளர் மகன், ஹெல்பர் மகன் என்ற வேறுபாடு இல்லாமல் சீட்டுக் குலுக்கிக் குழு பிரித்து, ஒரே பந்தியில் அமர வையுங்கள். இடம் இருந்தால், ஜெர்மானியர்கள் செய்வதுபோல், பெற்றோர் உங்கள் ஆலையில் இல்லாத பிள்ளைகளையும் சேர்த்துக்கொள்ளலாம். 'நான் முதல்வன்' திட்டம் 2022-இல் தொடங்கப்பட்ட பிறகு அரசுப் பள்ளி மேல்நிலை மாணவர்களைக் கல்லூரிகளுக்குக் களப்பயணம் அழைத்துச் செல்கிறார்கள். தொழிற்சாலையைப் பார்க்கும் வாய்ப்பு அவர்களுக்கு அரிது. அருகிலுள்ள பள்ளியின் தலைமையாசிரியரிடம் பேசி, பத்து மாணவியரை மெஷின் ஷாப்புக்கு அழைத்தால், இந்த நாள் எதற்காகத் தொடங்கப்பட்டதோ அதற்கு மிக அருகில் போய்விடுவீர்கள்.

ஒரு நாள் வருகையால் ஒரு பிள்ளை பொறியாளராகிவிடும் என்றெல்லாம் நிர்வாகத்திற்கு அறிக்கை எழுதாதீர்கள். நேரத்தைக் காலை ஒன்பதரை முதல் மதிய உணவு வரை என்று வைத்துக்கொண்டால் போதும். சாப்பாட்டுக்குப் பிறகு பிள்ளைகளின் கவனமும் பொறுப்பாளர்களின் கவனமும் சேர்ந்தே தளரும். ஆறு பிள்ளைகளுக்கு ஒரு பொறுப்பாளர் வேண்டும், அவருக்கு அன்று வேறு வேலை எதுவும் இருக்கக் கூடாது. அபாயச் சங்கு ஒலித்தால் எங்கே கூட வேண்டும் என்பதை உள்ளே நுழைந்தவுடன் நடத்திக் காட்டிவிட வேண்டும். நிழற்படங்களைப் பெற்றோரின் எழுத்துப்பூர்வ ஒப்புதல் இல்லாமல் நிறுவனத்தின் முகநூல் பக்கத்தில் போடக் கூடாது.

சான்றிதழைப் பொறுத்தவரை, கொடுக்கலாம், தவறில்லை. 'பங்கேற்றமைக்காக' என்று பொதுவாக அச்சடிப்பதற்குப் பதிலாக, பிள்ளையின் பெயருடன் தாய் அல்லது தந்தையின் பெயரையும் அவர் ஆலையில் பார்க்கும் வேலையையும் குறிப்பிட்டு, தலைமுடியை அளந்தபோது வந்த அளவையும் ஒரு வரியில் எழுதிக் கொடுங்கள். மேஜிக் ஷோவுக்கு ஒதுக்கிய தொகையை ஒரு நாள் காப்பீட்டுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். கூடுதல் ஒப்புதல் கேட்டு நிர்வாகத்திடம் மீண்டும் போக வேண்டியிராது.